கூத்து இறுவட்டும் கைப்பேசிக் காணொளியும்: எந்தப் பிளேயர் பொருந்தும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் கோயில் முன்றலில் விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்தை (மட்டக்களப்புக் கூத்து வகைகளில் ஒன்று) ஆறு வீசிடி இறுவட்டுகளில் வைத்திருக்கிறோம். அவை கணினியில் திறக்கவில்லை. மருமகன் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய காணொளியிலோ சத்தம் மட்டும் கேட்கிறது, படம் வரவில்லை. எந்தப் பிளேயரைப் போடுவது?”

முதலில் ஓர் ஆறுதல். இரண்டும் பழுதடைந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்.பி.4, டி.ஏ.ரி. போன்ற எழுத்துகள் படத்தையும் சத்தத்தையும் இட்டுவைக்கும் கொள்கலத்தின் பெயர் மட்டுமே. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு விடயம். உங்கள் வீசிடியில் இருப்பது 1990களின் எம்பெக்-1 முறை. மருமகனின் காணொளி பெரும்பாலும் எச்.265 என்ற புதிய முறையில் இருக்கும். விண்டோஸுடன் வரும் பிளேயருக்கு எச்.265 படத்தை விரிக்கத் தனியாக ஒரு நீட்சி (துணை மென்பொருள்) தேவை. அது இல்லாதபோது சத்தம் மட்டுமே வரும்.

இவ்விரண்டையும் விரிக்கும் வசதியைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் வி.எல்.சி. பிளேயரையே நான் பரிந்துரைக்கிறேன். பிரான்ஸ் நாட்டுக் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய இம்முயற்சி, 2001 முதல் கட்டற்ற மென்பொருளாக எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. வி.எல்.சி.யை வெளியிடும் வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் அதை இறக்குங்கள். பணம் கேட்கும், அல்லது வேறு மென்பொருளையும் சேர்த்து நிறுவச் சொல்லும் பிரதி எதுவானாலும் அதைத் தொடாதீர்கள்.

இனி இறுவட்டுகள். எம்.பி.ஈ.ஜி.ஏ.வி. (MPEGAV) என்ற கோப்புறைக்குள் இருக்கும் டி.ஏ.ரி. (.DAT) கோப்பை இழுத்து வி.எல்.சி. சாளரத்தில் விட்டால் கூத்து ஓடத் தொடங்கும். 352க்கு 288 புள்ளிகளே கொண்ட படம் என்பதால் முழுத்திரையில் மங்கலாகத் தெரியும். எந்தப் பிளேயராலும் இல்லாத நுணுக்கத்தைக் கொண்டுவர முடியாது. பார்ப்பதற்கு முன் ஆறையும் கணினிக்குப் பிரதி எடுத்துவிடுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன். அதிக நேரத்தை அடக்குவதற்காக வீசிடி முறை, சாதாரணத் தரவு இறுவட்டில் இருக்கும் பிழைதிருத்தும் தகவலில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறது. ஆகவே கீறல் விழுந்த இடத்தில் பிளேயர் படத்தைச் சற்றுச் சிதறவிட்டு மேலே ஓடிவிடும். விண்டோஸ் பிரதி எடுக்கும்போதோ அங்கேயே நின்றுவிடக்கூடும். அப்படி நின்றால், மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து (வட்டமாகத் துடைக்கக் கூடாது) மீண்டும் முயலுங்கள். அதுவும் சரிவராவிட்டால், வி.எல்.சி.யின் ‘மீடியா’ பட்டியலில் ‘ஓப்பன் டிஸ்க்’ சென்று வீசிடியைத் தெரிவுசெய்து, ‘கன்வர்ட்’ மூலம் சேமித்துப் பாருங்கள்.

கைப்பேசிக் காணொளி வி.எல்.சி.யில் திறந்தும் விக்கி விக்கி ஓடினால், பெரும்பாலும் கணினி பழையது என்று பொருள். இன்டெல் செயலிகளில் 2015இல் வந்த ஆறாம் தலைமுறைக்கு முந்தியவற்றில் எச்.265 படத்தை முழுமையாக விரிக்கும் வன்பொருள் இல்லை. சுமை முழுவதும் செயலியின் தலையில் விழுகிறது. மருமகனிடம் ஐபோன் இருந்தால், கமராவின் ‘ஃபார்மட்ஸ்’ அமைப்பில் ‘மோஸ்ட் கொம்பாட்டிபிள்’ என்பதைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்தவற்றை வி.எல்.சி.யின் ‘கன்வர்ட் / சேவ்’ மூலம் எச்.264 என்ற பழைய முறைக்கு மாற்றலாம். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுவிடுங்கள்.

கூத்துப் பழகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னொரு வசதியையும் பயன்படுத்துங்கள். விசைப்பலகையில் இடப்பக்கச் சதுர அடைப்புக்குறியை அழுத்த அழுத்த ஓட்டம் சிறிது சிறிதாகக் குறையும். மத்தளத்தின் சுருதி மாறாது. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் தாளக்கட்டுக்குக் கால் எங்கே விழுகிறது என்பதை அந்த மெதுவான ஓட்டத்தில் தெளிவாகப் பார்க்கலாம். சமக்குறியை அழுத்தினால் பழைய வேகம் திரும்பும்.