அடிக்கோடு போட்டால் எழுத வருமா?

கேள்வி: ஆய்வுக் கட்டுரைகள் நிறையப் படிக்கிறேன், பக்கம் முழுக்க மஞ்சள் மையால் அடிக்கோடு வேறு. ஆனால் சொந்தமாக எழுத உட்கார்ந்தால் ஒரு பத்திகூட நகரவில்லை. என்ன செய்யலாம்?
– முனைவர் பட்ட மாணவி ஒருவர்

பதில்: முதலில் அந்த மஞ்சள் பேனாவைக் கொஞ்ச நாள் ஒளித்து வையுங்கள். கோடு போடும்போது படித்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது, அதுதான் சிக்கல். அமெரிக்க அரசியல் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவயதில் எழுதப் பழகிய விதம் தெரியுமா? லண்டன் பத்திரிகை ஒன்றின் நல்ல கட்டுரைகளை எடுத்து, வாக்கியத்துக்கு ஒரு சிறு குறிப்பு எழுதி வைப்பார், சில நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துக் கட்டுரையை மறுபடி எழுதிவிட்டு, அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டுத் தன் குறைகளைத் திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தியும் பார்த்தார், கட்டமைப்பு பிடிபடுவதற்காக.

உங்கள் துறைக் கட்டுரைகளின் முன்னுரைகளை இப்படிப் படியுங்கள். பத்தி ஓரத்தில் அது என்ன சொல்கிறது என்பதைவிட என்ன வேலை செய்கிறது என்று குறியுங்கள்: இங்கே பழைய ஆய்வைச் சொல்கிறார், இங்கே விடுபட்டதைக் காட்டுகிறார், இங்கே தன் கேள்வியை வைக்கிறார். கட்டுரையாசிரியரோடு சண்டையும் போடலாம், ஓரத்தில் எழுதிய அந்த எதிர்வாதமே சில சமயம் உங்கள் கட்டுரையின் முதல் பத்தி. ஒரு எச்சரிக்கை: மூலத்தை மூடிவைத்து எழுதினாலும் கருத்து அவருடையது என்றால் மேற்கோள் குறிப்பு கட்டாயம்.