வாங்கிய வீட்டில் பழைய கரண்ட் பாக்கி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தாம்பரத்தில் பழைய வீடு ஒன்றைக் கிரயம் செய்தோம். மின் இணைப்பு முன்பே துண்டிக்கப்பட்டிருந்தது. மறு இணைப்பு கேட்டால், முந்தைய உரிமையாளர் வைத்த 38,000 ரூபாய் பாக்கியைக் கட்டச் சொல்கிறார்கள். நாங்கள் எரிக்காத மின்சாரத்துக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஒரு காலத்தில் சட்டமும் உங்கள் பக்கம்தான் இருந்தது. 1995-இல் இஷா மார்பிள்ஸ் வழக்கில், ஏலத்தில் சொத்தை வாங்கியவர் பழைய நுகர்வோரின் மின் பாக்கிக்குப் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 19.5.2023 அன்று, கே.சி. நினான் எதிர் கேரள மாநில மின்வாரியம் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு மின்சாரம் வழங்கும் கடமையை நிபந்தனையின்றி விதிக்கவில்லை என்றும், பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் இணைப்பு என்று வழங்கல் விதிகள் கூறுமானால் அந்த நிபந்தனை செல்லும் என்றும் கூறிவிட்டது. ஆகவே, எந்த விதியின்படி கேட்கிறீர்கள், அசல் எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு என்று உதவிப் பொறியாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்திலும், அதன்பின் மின்குறை தீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

அவசரத்துக்குப் பணத்தைக் கட்ட நேர்ந்தாலும் அது உங்கள் தலையோடு போய்விடாது. பிறர் கட்டக் கடமைப்பட்ட தொகையை, தம் நலன் கருதிக் கட்டியவர் அவரிடமிருந்து திரும்பப் பெறலாம் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு சொல்கிறது. கிரயத் தேதிவரை உள்ள பாக்கிகள் விற்பவரைச் சேரும் என்ற வாசகம் உங்கள் பத்திரத்தில் இருந்தால் வழக்கு இன்னும் வலுவாகும். கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பதால், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உடனே அறிவிப்பு அனுப்புங்கள்.

கேள்வி: முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் இல்லை என்றுதானே வந்தது?

பதில்: நான் மிகவும் வருந்துவது இந்த இடத்தில்தான். வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். கரண்ட் பாக்கியை அங்கே யாரும் பதிவதில்லை. பல லட்சம் கொடுத்து வீடு வாங்குபவர்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. திறந்திருந்தால், பியூஸ் பிடுங்கப்பட்டுக் கிடப்பது அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

கேள்வி: வங்கி ஏலத்தில் எடுத்த வீட்டுக்கும் இதே நிலைதானா?

பதில்: ஆம், இன்னும் கவனம் தேவை. ஏல அறிவிப்பில் உள்ள 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகம், பாக்கிகளை விசாரித்து அறியும் பொறுப்பை உங்கள்மீது வைக்கிறது. நினான் வழக்கில் ஏலதாரர்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், அவர்கள் இணைப்புக்கு விண்ணப்பித்த நாளுக்குப் பிந்தைய வட்டி தள்ளுபடியானதுதான்.

கேள்வி: சொத்து வரி பாக்கி?

பதில்: 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், விற்பனை நாள்வரையிலான பொது வரிகளைக் கட்ட வேண்டியவர் விற்பவரே. ஆனாலும் வரி அந்தக் கட்டடத்தின் மீதான பொறுப்பு என்பதால், உள்ளாட்சி அமைப்பு முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான்.

கேள்வி: அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், அடுத்த வாரம் பத்திரப்பதிவு. இப்போது என்ன செய்யலாம்?

பதில்: வீட்டில் எத்தனை மீட்டர் இருக்கின்றன என்று நேரில் எண்ணுங்கள், மாடிக்குத் தனி இணைப்பு இருப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு இணைப்பு எண்ணுக்கும் மின் அலுவலகத்தில் நிலுவை கேளுங்கள். முன்பு குறைவாகக் கணக்கிட்டதாகத் தணிக்கையில் கண்டறிந்து, கட்டச் சொன்ன தொகை உண்டா என்றும் தனியாகக் கேளுங்கள். பதிவன்று மீட்டர் அளவைப் படம் எடுத்து, விற்பவரின் கையொப்பத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கீட்டில் அடுத்தது முடியும்வரை கிரயத் தொகையில் ஒரு சிறு பகுதியை நிறுத்திவையுங்கள்.