குலுக்கல் நியாயமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஆகஸ்டில்தான் மதுரையிலிருந்து கிளார்க்ஸ்பர்க் வந்து இறங்கியிருக்கிறீர்கள். மகள் ஐந்தாம் வகுப்பு. இங்கே நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று ஆறாம் வகுப்பிலிருந்து சிறப்புப் பாடம் நடத்தும் மேக்னட் நடுநிலைப் பள்ளிக்குக் குலுக்கல் போட்டுப் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, "நன்றாகப் படிக்கிற பிள்ளையின் எதிர்காலத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது என்ன நியாயம்? டியூஷனில் சேர்த்தால் பலன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஏற்பாடே நம் பிள்ளைகளை வெளியே நிறுத்தத்தான் என்று உங்கள் அலுவலக நண்பர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் இந்த மாண்ட்கோமரி கவுன்ட்டிக்கு (நம் ஊர் மாவட்டம் போன்றது) நான் 2009ல் வந்தேன். என் மகள் பழைய முறையில் தேர்வானவள். என் மகன் குலுக்கலில் பெயர் வராதவன். இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தவள் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஒரு குடத்தில் போட்டுக் குலுக்குவதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கவும் வேண்டியதில்லை. கவுன்ட்டியின் பொதுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பதிவையும் அவர்களே எடுத்துப் பார்க்கிறார்கள். மதிப்பெண் அட்டை ஒன்று, மேப் என்று சொல்லப்படும் தேர்வு ஒன்று. கடந்த சில ஆண்டுகளாக மேப் தேர்வில் 85ஆவது சதமானம், அதாவது ஒப்பிடப்படும் நூறு பிள்ளைகளில் எண்பத்தைந்து பேருக்கு மேலே, என்பதுதான் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியவர்களுக்குள்தான் குலுக்கல். மேப் தேர்வைக் கணினியில் எழுதுவார்கள். சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். ஆகவே "பாதிக் கேள்வி தெரியவில்லை" என்று உங்கள் மகள் அழுதுகொண்டு வந்தால் கலங்காதீர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும்.

கிளார்க்ஸ்பர்க் பகுதிக்கு உரிய இரண்டு பள்ளிகளும் ஜெர்மன்டவுனில் இருக்கின்றன. கணிதம், அறிவியல், கணினி என்றால் ராபர்ட்டோ கிளெமென்ட்டே. மொழி, வரலாறு, எழுத்து என்றால் மார்ட்டின் லூதர் கிங். கவுன்ட்டியின் தென்பகுதிக்கு டகோமா பார்க், ஈஸ்டர்ன் என்று இரண்டு. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிற கவுன்ட்டியில், இந்த நான்கு பள்ளிகளிலும் சேர்த்துச் சில நூறு இடங்கள்தான் ஆண்டுதோறும் கிடைக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே திரும்பி வருவேன்.

இனி நியாயம். என் மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தது 2014ல். அப்போது பெற்றோர்தான் விண்ணப்பம் போட வேண்டும், பிள்ளை தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டும், ஆசிரியரின் பரிந்துரையும் உண்டு. விண்ணப்பத்தின் கடைசி நாள் எனக்கு எப்படித் தெரிந்தது? நம் தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் கூடுகையில் ஓர் அக்கா இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். எந்தப் பயிற்சிப் புத்தகம், எந்த மாதம், ஆசிரியரிடம் என்ன கேட்க வேண்டும், எல்லாம். மகள் தேர்வானாள். நான் பூரித்துப்போனேன்.

அப்போது நாங்கள் இருந்த அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் எல் சால்வடோரிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அம்மா இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போவார். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. மாலையில் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருவரும் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். கணக்கில் அந்தப் பெண் என் மகளைவிட வேகம். நான் வாங்கி வைத்திருந்த பயிற்சிப் புத்தகத்தில் என் மகள் திணறிய கணக்கை, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து தலைகீழாகப் பார்த்தே போட்டுவிடுவாள். மார்ச் மாதம் ஒருநாள் அந்த அம்மா படியில் என்னை நிறுத்தி, "உங்கள் மகள் போகப்போகிற பள்ளி எது? அதற்கு எப்படிச் சேர்வது?" என்று கேட்டார். கடைசி நாள் முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அத்தனை மாதமும் அந்தப் பெண் என் வீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, தோன்றவே இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

அந்த முறையில் குலுக்கல் இல்லை. மதிப்பெண் இருந்தது, வரிசை இருந்தது. ஆனால் வரிசையில் யார் நிற்கலாம் என்பதைத் தீர்மானித்தது பெற்றோருக்குக் கிடைத்த தகவல். ஃப்ளோரிடாவின் பிராவர்ட் கவுன்ட்டியில் இதை எண்ணிக்கையாகவே பார்த்தார்கள். 2005க்கு முன்பு அங்கே ஆசிரியரோ பெற்றோரோ முன்மொழிந்த பிள்ளைகள் மட்டும் திறன்மிகு வகுப்புகளுக்காகச் சோதிக்கப்பட்டார்கள். பிறகு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் சோதிக்கத் தொடங்கினார்கள். தகுதி அளவுகோலை மாற்றவில்லை. ஆனாலும் திறன்மிகு வகுப்புகளில் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளின் பங்கு வெகுவாக உயர்ந்தது. பொருளியல் அறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016ல் வெளியிட்ட ஆய்வு இது. பழைய முறையில் விடுபட்டவர்கள் யார் யார் என்று அவர்கள் சொல்லும் பட்டியலில் ஏழைப் பிள்ளைகள் உண்டு, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு, பெண் பிள்ளைகளும் உண்டு. தம்பி, உங்கள் மகள் இப்போதுதான் இந்த ஊர் ஆங்கிலத்துக்குப் பழகுகிறாள். வகுப்பில் வாய் திறக்காத புதிய பெண்ணை எந்த ஆசிரியர் முதல் மாதத்திலேயே முன்மொழிவார்? எல்லோரையும் பார்க்கும் இந்த முறை உங்களைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது.

நம் கவுன்ட்டியும் 2016ல் வெளியாரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தது. அதன் பிறகே, 2017 முதல், பெற்றோர் விண்ணப்பத்துக்குக் காத்திராமல் பிள்ளைகளின் பதிவுகளைத் தாமாகவே பார்க்கத் தொடங்கினார்கள். மேக்னட் என்ற பெயரின் காரணமும் பலருக்குத் தெரியாது. 1980களில் கவுன்ட்டியின் தென்பகுதிப் பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்துவிடாமல் இருக்க, எல்லாத் தரப்புப் பிள்ளைகளையும் காந்தம் போல் இழுக்கட்டும் என்று தொடங்கியவை அவை. எல்லோரும் கலந்து படிக்க வேண்டும் என்பது நேற்றுப் புகுத்திய யோசனை இல்லை.

உங்கள் நண்பரின் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். புதிய முறையில் இரண்டு விஷயங்கள் நம்மவர்களைப் புண்படுத்தின. ஒன்று, ஒரு பிள்ளையின் சொந்தப் பகுதிப் பள்ளியிலேயே அவனுக்கு இணையாகப் படிக்கும் பிள்ளைகள் நிறைய இருந்தால், அவனுக்கு மேக்னட் பள்ளி அவ்வளவு அவசியம் இல்லை என்று கணக்கில் எடுத்தார்கள். மற்றொன்று, மதிப்பெண்ணைக் கவுன்ட்டி முழுக்க ஒரே தராசில் வைக்காமல், வறுமை அளவு ஒத்த பள்ளிகளைச் சேர்த்து, அந்தப் பள்ளிகளுக்குள் ஒப்பிட்டார்கள். பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இலவச, சலுகை விலை உணவு பெறுகிறார்கள் என்பதுதான் அந்த அளவு. ஆசிய அமெரிக்கப் பெற்றோர் அமைப்பு ஒன்று 2020ல் ஃபெடரல் நீதிமன்றம் சென்றது. 2022ல் வழக்கு தள்ளுபடியானது.

முதல் விஷயத்தில் எனக்கும் மனக்குறை உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதால் என் பிள்ளைக்கு இடம் இல்லை என்பதை ஒரு பத்து வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது? ஆனால் இரண்டாவதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர். 2020ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கியதை நினைத்துப் பாருங்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்த பிள்ளையையும், மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு படித்த பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் வரிசை பொய் சொல்லும் என்பதுதானே அதன் அடிப்படை? ஊரில் அதை வரவேற்ற நம்மில் சிலர் இங்கே வந்ததும் "மதிப்பெண்ணுக்கு மட்டும் மதிப்பு கொடுங்கள்" என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

குலுக்கல் வந்தது கொரோனா காலத்தில். பிள்ளைகளை உட்காரவைத்துத் தனித் தேர்வு நடத்த முடியாமல் போனபோது தொடங்கியது, பிறகும் தொடர்ந்தது. என் மகன் 2022ல் குலுக்கலுக்குத் தகுதியானவர்களின் தொகுப்பில் இருந்தான், பெயர் வரவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, "நான் என்ன தவறு செய்தேன், அம்மா?" என்று கேட்டான். அன்று இரவு நான் தூங்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன்: பத்து வயதில், ஒரு காலைப்பொழுதில் எழுதிய தேர்வில் 94க்கும் 97க்கும் உள்ள வித்தியாசம் என்ன? அன்று மூக்கடைப்பு இருந்ததா, முந்தின இரவு நன்றாகத் தூங்கினானா என்பதுதான். அந்த மூன்று எண்ணை வைத்து "இவள் திறமைசாலி, இவன் இல்லை" என்று பிரிப்பதைவிட, "நீங்கள் இருவரும் தகுதியானவர்கள், எங்களிடம் இடம் இல்லை" என்று சொல்வது நேர்மையானது. அதை என் மகனிடம் நான் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இப்போதே உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது அந்தச் சில நூறு இடங்களின் மீதுதான். தகுதியானவர்கள் என்று கவுன்ட்டியே ஒப்புக்கொள்ளும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த வகுப்பறை கிடைக்காது என்றால், யாரை எடுப்பது என்று நாம் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு என்ன பயன்? பள்ளி வாரியக் கூட்டங்களில் நான் மூன்று முறை பேசியிருக்கிறேன். மூன்று முறையும் கேட்டது கூடுதல் இடங்களைத்தான்.

டியூஷன் வேண்டாம். அந்தப் பணத்தில் சனிக்கிழமைகளில் மகளை நூலகத்துக்கும் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகங்களுக்கும் அழைத்துப் போங்கள். அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணமே இல்லை, மெட்ரோ ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும்தான் செலவு.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று, இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இங்கே ஐந்தாம் வகுப்பில் இரண்டு கணக்கு வகுப்புகள் உண்டு. ஒன்று சாதாரண ஐந்தாம் வகுப்புக் கணக்கு. மற்றொன்று ஐந்து, ஆறு இரண்டின் பாடத்தையும் நெருக்கிச் சேர்த்தது, "ஃபைவ்-சிக்ஸ்" என்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஆண்டுத் தொடக்கத்தில் வந்து சேரும் பிள்ளையை, முந்தைய பதிவு இல்லாததால், முதல் வகையில் உட்காரவைத்துவிடுவது உண்டு. ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு பகுதிப் பள்ளியிலும் எய்ம் என்ற உயர்நிலைக் கணக்கு வகுப்பும், ஹை என்ற உயர்நிலை வரலாற்று வகுப்பும் இருக்கின்றன. குலுக்கலில் வராத பிள்ளைகளுக்கு அவைதான் வழி. எய்ம் படித்தால் ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ரா. என் மகன் அப்படித்தான் போனான், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில், தெருவில் கூட விளையாடும் பையன்களோடு. ஆனால் ஃபைவ்-சிக்ஸ் படிக்காமல் எய்ம் வகுப்புக்குப் போவது கடினம்.

நவம்பரில் ஆசிரியர் சந்திப்பு வரும். மதுரைப் பள்ளியின் மதிப்பெண் அட்டையையும் கணக்கு நோட்டையும் எடுத்துப் போங்கள். மகள் எந்தக் கணக்கு வகுப்பில் இருக்கிறாள், ஏன், மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். கேட்பதை இங்கே யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நவம்பர்வரை காத்திருக்க மனம் இல்லையென்றால் நாளைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதே வகுப்பில் புதிதாக வந்த வேறு குடும்பம் இருந்தால், அவர்கள் எந்த மொழி பேசினாலும் சரி, அவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.