லினக்ஸில் பிடித்த டெஸ்க்டாப்பை நிலையாக வைப்பது: கேள்வி பதில்

கேள்வி (ரங்கூன்): அண்ணே, உபுண்டு லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் சூழலை நிறுவினேன். ஆனாலும் உபுண்டுவோடு வரும் நோம் டெஸ்க்டாப்தான் வருகிறது. பழைய லேப்டாப், நாலு ஜிபி ராம், திணறுகிறது.

பதில்: நிறுவினால் மட்டும் மாறாது, தம்பி. எதைத் திறப்பது என்று முடிவு செய்வது லாகின் திரை. உங்கள் பெயரைச் சொடுக்கி, கடவுச்சொல் கேட்கும்போது வலது கீழ் மூலையைப் பாருங்கள். பல்சக்கரம் ஒன்று இருக்கும். அதில் எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். அடுத்த முறை அதுவே வரும். திரை பூட்டியிருக்கும்போது சக்கரம் தெரியாது. முழுதாக லாக் அவுட் செய்ய வேண்டும். தானாக லாகின் ஆகும்படி வைத்திருந்தாலும் இதே வழிதான்.

கேள்வி (பெகு): இங்கே கரண்ட் அடிக்கடி போகிறது. தேர்வு அழியுமா?

பதில்: அழியாது. உள்ளே நுழையும்போதே உங்கள் பெயரில் எழுதி வைத்துவிடும். சேமிக்காத கடிதத்தை நினைத்துக் கவலைப்படுங்கள்.

கேள்வி (மோல்மேன்): கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பைப் போடும்போது ஜிடிஎம்-மா, எஸ்டிடிஎம்-மா என்று கேட்டது. ஜிடிஎம் என்றேன். கேடிஇ போச்சா?

பதில்: போகவில்லை. அது லாகின் திரையைப் பற்றிய கேள்வி, டெஸ்க்டாப்பைப் பற்றியதல்ல. ஜிடிஎம்-மின் சக்கரத்திலேயே கேடிஇ-யின் டெஸ்க்டாப் பிளாஸ்மா என்ற பெயரில் இருக்கும்.

கேள்வி (ரங்கூன்): ஐயா, டியூஷன் நடத்துகிறேன். பிள்ளைகள் எல்லாருக்கும் எக்ஸ்எஃப்சிஇ வர வேண்டும். ஒவ்வொருவராக மாற்ற முடியாது.

பதில்: லாகின் திரையை நடத்தும் மென்பொருளாக லைட்டிடிஎம் இருந்தால் சுலபம், ஐயா. அதன் அமைப்புக் கோப்பில், சீட் என்ற பகுதியின் கீழ், யூசர் செஷன் வரியில் எக்ஸ்எஃப்சிஇ-யின் செஷன் (லாகின் ஆனதும் திறக்கும் டெஸ்க்டாப்) பெயரைக் கொடுங்கள். எக்ஸ்-செஷன்ஸ் கோப்புறையில் உள்ள அதன் கோப்புப் பெயரில், கடைசியில் வரும் டாட் டெஸ்க்டாப் என்ற ஒட்டை விட்டு மீதி எதுவோ, அதையே எழுத வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் வேலை செய்யாது. ஏற்கெனவே வேறொன்றைத் தேர்ந்தெடுத்த பிள்ளைக்குப் பழையதுதான் வரும். அவரவர் தேர்வுக்கே முன்னுரிமை. அது நியாயம்தான் என்பேன்.

கேள்வி (தட்டோன்): எக்ஸ்எஃப்சிஇ-க்கு வந்தபின் தமிழ், பர்மியத் தட்டச்சு இரண்டும் காணவில்லை!

பதில்: பலரும் இதில் பயந்து திரும்பிவிடுகிறார்கள். பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் என்ற மென்பொருளை நோம் தானே இயக்கிவிடும், எக்ஸ்எஃப்சிஇ அப்படிச் செய்வதில்லை. உபுண்டுவின் லாங்குவேஜ் சப்போர்ட்டில், உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். அப்புறம் ஐபஸ் அமைப்பில் தமிழ்99 விசைப்பலகையையும் பர்மியத்தையும் சேருங்கள். பட்டியலில் தமிழ்99 இல்லையென்றால், ஐபஸுக்கான எம்17என் என்ற பன்மொழித் தட்டச்சுத் தொகுப்பை நிறுவ வேண்டும்.