நான்கு கேள்விகளும் நைட் டியூட்டியும் – கடிதம்

வணக்கம் மேடம்,

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், குழந்தைநலப் பிரிவு. அதற்கு முன் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். வளரிளம் பருவத்தினரின் தற்கொலைத் தடுப்பில் ஆய்வு செய்ய ஆசை. கைடு மேடம் “செவிலியர்களின் அறிவில் கற்பித்தல் திட்டத்தின் விளைவு, 60 பேர், ப்ரீ டெஸ்ட், போஸ்ட் டெஸ்ட்” என்று முடித்துக்கொள்ளச் சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வார்டில் எல்லோரும் ஓய்ந்துபோயிருக்கிறார்கள். பர்ன்அவுட்டையும் (வேலைச் சுமையால் வரும் ஓய்ச்சல்) சேர்த்துப் பார்க்கலாமா? சேர்த்தால் தலைப்பு சிதறிவிடும் என்கிறார்கள். இன்னொன்று, பிள்ளைகளிடம் தற்கொலையைப் பற்றிக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கொடுத்துவிடுவோமோ என்று சீனியர்கள் பயப்படுகிறார்கள். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சிஸ்டர்,

கடைசிச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளின் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து மேடலின் கோல்ட் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதற்காகவே செய்யப்பட்டது. ஒரு பிரிவுக்குத் தற்கொலை பற்றிய கேள்விகள் உள்ள படிவம், மறு பிரிவுக்கு அவை இல்லாத படிவம். இரண்டு நாள் கழித்து எல்லோரிடமும் விசாரித்தபோது, முதல் பிரிவில் மனஉளைச்சலும் கூடவில்லை, தற்கொலை எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளில், கேட்கப்பட்டவர்களுக்கு உளைச்சல் சற்றுக் குறைவாகவே இருந்தது. சீனியர்களிடம் இதைக் காட்டுங்கள்.

கைடு சொல்லும் தலைப்புக்கு வருகிறேன். பாடம் நடத்தி ஏழாம் நாள் அதே கேள்வித்தாளைக் கொடுத்தால் மார்க் ஏறும். எந்தத் தலைப்புக்கும் ஏறும். வார்டில் ஒரு பிள்ளையிடமாவது யாராவது கேட்டார்களா என்பது மட்டும் அதில் தெரியாது. என் கணிப்பில், தெரியாததால் கேட்காமல் இருப்பவர்கள் குறைவு. பிள்ளை “ஆமா சிஸ்டர்” என்று சொல்லிவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற தயக்கத்தில் கேட்காமல் விடுபவர்களே அதிகம். தற்கொலைத் தடுப்பும் பர்ன்அவுட்டும் சேரும் இடம் அதுதான். தலைப்பு சிதறாது.

கருவிக்கு ஏ.எஸ்.க்யூ. என்ற தற்கொலை ஆபத்தைக் கண்டறியும் கேள்விப் படிவம் போதும். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் லிசா ஹொரோவிட்ஸ் குழு உருவாக்கி 2012-ல் வெளியிட்டது. மூன்று குழந்தைகள் அவசரப் பிரிவுகளில், 10 முதல் 21 வயது வரை 524 பேரிடம் சோதித்தார்கள். கேள்விகள் நான்கு: கடந்த சில வாரங்களில் செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியதா, நீ இல்லாமல் போனால் உனக்கோ வீட்டுக்கோ நல்லது என்று நினைத்தாயா, கடந்த ஒரு வாரத்தில் தற்கொலை எண்ணம் வந்ததா, எப்போதாவது முயன்றிருக்கிறாயா. ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலும், பதில் சொல்ல மறுத்தாலும், பாசிட்டிவ்தான். உடனே ஐந்தாவது கேள்வி: இந்த நிமிடம் அந்த எண்ணம் இருக்கிறதா? அதற்கும் ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. மருந்து ட்ராலி, கூர்மையான கருவிகள் கைக்கெட்டாத தூரத்துக்குப் போக வேண்டும், டாக்டருக்கு அப்போதே தகவல் போக வேண்டும். ஐந்தாவதுக்கு இல்லை என்றாலும் விட்டுவிட முடியாது. டிஸ்சார்ஜுக்கு முன் சுருக்கமான மதிப்பீடு நடந்தே ஆக வேண்டும்.

20 விநாடி வேலை என்று கையேட்டில் இருக்கும். நம் வார்டில் அம்மாவை வெளியே அனுப்பவே ஐந்து நிமிடம் ஆகும். தனி அறை இல்லாத இடத்தில் எடை பார்க்கும் நேரத்தையோ டிரெஸ்ஸிங் ரூமையோ பயன்படுத்தலாம். “பத்து வயசுக்கு மேல எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் தனியா சில கேள்வி கேப்போம்மா, வராண்டால இருங்க” என்று பொது விதியாகச் சொன்னால் சண்டை வராது. பெரும்பாலும் கெட்டுப்போவது கேட்கும் விதத்தில்தான்: “அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலைல்ல?” இந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். படிவத்தில் உள்ளபடியே படிக்கச் சொல்லுங்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்ற வாக்குறுதியும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும். பாலியல் வன்முறை வெளியே வந்தால் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம்.

செவிலியர்களுக்குச் சொன்ன அதே 60-ஐப் பிள்ளைகளுக்கும் வைத்தால் ஏன் உதவாது என்பதும் ஏ.எஸ்.க்யூ. ஆய்விலேயே இருக்கிறது. உடல்நோய்க்காக வந்த 344 பேரில் ஆபத்தில் இருந்தவர்கள் 14 பேர், அதாவது 4 சதவீதம். அதே விகிதம் என்று வைத்தால் 60 பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் தேறுவார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எத்தனை பேர் பாசிட்டிவ் என்பதை விட்டுவிடுங்கள். அட்மிஷன் ரிஜிஸ்டர்படி தகுதியான பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரிடம் கேட்டார்கள், தனியாகக் கேட்டார்களா, ‘ஆம்’ வந்ததிலிருந்து டாக்டர் பார்க்கும்வரை எத்தனை நிமிடம், எந்த ஷிப்ட் என்று எடுங்கள். பல மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டு 12 வயதோடு முடிந்துவிடும். உங்களுக்கு வேண்டிய பிள்ளை பெரியவர்கள் மெடிக்கல் வார்டில் படுத்திருக்கும். அந்த வார்டையும் சேருங்கள்.

பர்ன்அவுட்டுக்கு எல்லோரும் மாஸ்லாக் அளவுகோலைத்தான் போடுகிறார்கள். அதற்கு உரிமம் வாங்க வேண்டும். பலர் வாங்காமலே அச்சடித்துவிடுகிறார்கள். 19 கேள்விகள் கொண்ட கோபன்ஹேகன் அளவுகோல் இலவசம். படிவத்தை நர்சிங் சூப்பரிண்டென்டென்ட் வழியாகக் கொடுத்தால் எல்லோரும் நலமாக இருப்பதாகவே எழுதுவார்கள். பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். பத்துப் பேர் உள்ள வார்டில் வயது, சர்வீஸ், படிப்பு மூன்றையும் கேட்டால் பெயர் கேட்க வேண்டியதே இல்லை. ஆகவே “5 வருடத்துக்கு மேல், கீழ்” என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்ற ஆள் கணக்கையும் எடுக்காமல் விட்டால் களைப்பு தனிமனிதப் பலவீனமாகிவிடும், கடைசிப் பரிந்துரை யோகாவில் போய் நிற்கும். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் லிண்டா ஐக்கன் 2002-ல் காட்டியது: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் பர்ன்அவுட் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அவை பெரியவர்களுக்கான பொது மருத்துவமனைகள், ஆனாலும் திசை தெளிவு. இந்திய நர்சிங் கவுன்சில் நியதியில் போதனா மருத்துவமனைப் பொது வார்டுக்கு 1:3 என்று படித்து ஏமாறாதீர்கள். அது மூன்று ஷிப்டுக்கும் சேர்த்த கணக்கு. ஒரு ஷிப்டில் ஒன்பது பேருக்கு ஒருவர். கேள்வி கேட்கப்பட்ட விகிதத்தை அந்தந்த ஷிப்டின் உண்மையான நோயாளி எண்ணிக்கையோடு பொருத்திப் பாருங்கள். ஆய்வின் உயிர் அந்த ஒரு அட்டவணையில் இருக்கும்.

முன்னுரைக்கு அமெரிக்கப் புள்ளிவிவரம் தேட வேண்டாம். வேலூர் கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை 10–19 வயதில் தற்கொலை விகிதம் லட்சத்துக்குப் பெண்பிள்ளைகளில் 148, ஆண்பிள்ளைகளில் 58 என்று 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

எத்திக்ஸ் கமிட்டி கேட்கப்போவது இரண்டு. ஒன்று, பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவு; 12 வயதுக்கு மேல் எழுத்தில். இரண்டு, ‘ஆம்’ வந்தால் யார் பொறுப்பு. மனநல டாக்டரின் பெயர், எண், இரவில் மாற்று ஆள் எல்லாம் எழுத்தில் கிடைத்த பிறகே ஆரம்பியுங்கள். கிடைக்காவிட்டால் ஆய்வைத் தள்ளிப்போடுங்கள். பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் கேட்கவைப்பது நர்ஸையும் பிள்ளையையும் சேர்த்துக் கைவிடுவது.

டிஸ்சார்ஜுக்குப் பின் செய்யவும் மாதிரி இருக்கிறது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முயன்று பிழைத்த 1,867 பேரில் ஒரு பிரிவினரிடம் வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். தற்கொலையால் இறந்தவர்கள் அந்தப் பிரிவில் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2. பதின்வயதினருக்கென்று தனியாகச் செய்ததல்ல. ஆனால் நர்ஸால் செய்ய முடிகிற வேலை. முதல் அழைப்பு முதல் வாரத்திலேயே, அடுத்தவை 2, 4, 7, 11-ஆம் வாரங்களில், பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்களில். படிப்பு முடிவதற்குள் 11-ஆம் வாரம் வரையாவது உங்களால் போக முடியும்.

ஒன்றே ஒன்று, ஸ்டாஃப் யாரும் சொந்த செல் நம்பரைக் கொடுக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டில் வார்டு நம்பர், மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கட்டும்; பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டில் பூட்டிவைக்கச் சொல்லும் வரி அதற்கு மேலே, பெரிய எழுத்தில்.