பின்னோக்கி நடந்தால் நன்கொடை வருமா?
உங்கள் மாலை நேர டியூஷன் மையத்துக்கு நிதி திரட்ட 24 மணி நேரம் பின்னோக்கி நடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடங்கள், தப்பில்லை. ஆனால் கூட்டம் கூடுவது வேறு, காசு விழுவது வேறு. 2014-இல் ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட கூத்தில் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்குச் சுமார் 11.5 கோடி டாலர் வந்ததென்றால், ஊற்றிக்கொண்டவர்களில் பலர் பணமும் கொடுத்து, அடுத்த மூன்று பேரைப் பெயர் சொல்லி இழுத்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம். எங்கள் தெருவில் உறியடி வைத்தோம். செல்ஃபி ஏராளம், உண்டியலில் சில்லறை, பந்தலுக்குக் கைக்காசு போட்டோம். அதனால் சட்டை முதுகிலேயே க்யூஆர் கோடு பெரிதாக ஒட்டுங்கள் (எதிரே வருபவருக்கு உங்கள் முதுகுதானே தெரியும்!), ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்பதையும் எழுதுங்கள். அப்புறம், நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை பெற்றுத்தரும் 80ஜி பதிவு உங்கள் மையத்துக்கு இருக்கிறதா? பெரிய தொகை தருபவர் முதலில் கேட்பது அதைத்தான், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிச்சலுகையும் கிடையாது.