கட்டுவிரியனா, ஓநாய்ப் பாம்பா?

கேள்வி: மலையேறிவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்பும்போது, ஒற்றையடிப் பாதையில் வெள்ளைப் பட்டை போட்ட கறுத்த பாம்பு குறுக்கே கிடந்தது. கட்டுவிரியனா, விஷமில்லாத ஓநாய்ப் பாம்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அடையாளம் பார்ப்பது இரண்டாவது வேலை. முதலில் அப்படியே நின்று, மெதுவாகப் பின்வாங்கி இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பாம்பு பெரும்பாலும் தன் நீளத்தில் பாதி தூரத்துக்குக்கூடப் பாய்ந்து கடிக்காது. வழி விட்டால் போய்விடும்.

தலை முக்கோணமாக இருந்தால் விஷம் என்ற கணக்கு இங்கே உதவாது. கட்டுவிரியனின் தலை கழுத்தோடு ஒட்டி உருண்டிருக்கும். விஷமே இல்லாத மலைப்பாம்புக்கும் முக்கோணத் தலை உண்டு.

பட்டையைப் பாருங்கள். கட்டுவிரியனுக்கு மெல்லிய கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. கழுத்துப் பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, வாலை நோக்கித் தெளிவாகும். உடம்பு எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் கருநீலம். கேமராவை ஜூம் செய்தால் முதுகின் நடுவே அறுகோணச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக வரிசை கட்டியிருப்பது தெரியும். ஓநாய்ப் பாம்பு நேர்மாறு: பழுப்பு உடம்பு, கழுத்திலேயே அகலமாகத் தொடங்கும் பட்டை, வால் பக்கம் போகப்போக மங்கிவிடும். ஆனால் கட்டுவிரியன் குட்டிக்கு முன்பக்கமும் பட்டை தெளிவாக இருக்கும். அனுபவசாலிகளே ஏமாறும் இடம் இது. சந்தேகம் வந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் கட்டுவிரியன் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு மந்தமாகக் கிடக்கும். சாது என்று நம்பிக் கையில் எடுத்துவிடாதீர்கள்.

கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது, பல் தடமும் சில நேரம் தெரியாது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி வரலாம், இமை தொங்கும், நாக்கு குழறும், மூச்சுத் தசைகள் ஓயும். வலி வரட்டும் என்று காத்திருப்பதுதான் உயிரைப் பறிக்கிறது. இந்த விஷம் நரம்பு முனைகளையே சிதைக்கும். சிதைந்தபின் விஷமுறிவு மருந்தால் அவற்றை மீட்க முடியாது. அவை திரும்ப வளரும்வரை, நாள்கணக்கில்கூட, வென்டிலேட்டர்தான் மூச்சு.

ஆகவே மோதிரம், கடிகாரம், காலணியைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ கம்பு வைத்து அசையாமல் கட்டுங்கள். இறுக்கிக் கட்டக் கூடாது. கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம். எட்ட நின்று எடுத்த படம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டாலும் அறிகுறிகளை வைத்தே சிகிச்சை தொடங்குவார்கள்.